விழுவது என் வேலை: வாசகர் கேள்விகள்

இருபத்திரண்டு வருடம் கதாநாயகிகளுக்கு டூப் போட்டவள் என்று போன இதழில் என்னைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. கூடவே "கேள்வி கேளுங்கள்" என்று ஆசிரியர் குழு ஒரு வரி போட்டுவிட்டது. வந்த கடிதங்களில் பாதி, "அந்த ஹீரோ நிஜமாகவே சண்டை போடுவாரா?" என்றுதான் கேட்கின்றன. சிலர் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள், பெயர் சொல்லமாட்டேன். அந்தப் பாதி முடிந்தது. மீதிக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் நான் கடைசியாக வேலை பார்த்த ஆக்‌ஷன் படத்திலிருந்தே பதில் சொல்கிறேன். நெருப்பு, படிக்கட்டு, கண்ணாடி, கார் எல்லாம் ஒன்றாக வந்து வாய்த்த படம் அது. அதன் பெயரையும் கேட்காதீர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சண்டையில் அடி நிஜமாகவே விழுமா?

பதில்: விழக்கூடாது. விழுந்தால் யாரோ தப்புச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். குத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ கேமரா நின்றால் அந்த ஒரு சாண் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தால் சாயம் வெளுத்துவிடும். தூரத்தில் நின்று நீள லென்ஸில் எடுத்தால் இடைவெளி இன்னும் சுருங்கும்.

இது பாதிதான். ஃபைட்டை நடத்துபவர் அடிப்பவர் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? நடத்துவது அடி வாங்குபவர். கை வருவதற்கு முன்பே தலை திரும்பினால் அவர் ஜோசியக்காரர். வந்துபோன பிறகு திரும்பினால் ட்யூப்லைட். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கணத்தைப் பிடிக்கத்தான் காலையிலிருந்து ரிகர்சல்.

இந்தப் படத்தில் கதாநாயகி ஒரு மலை மாதிரி ஃபைட்டரை மார்பில் உதைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் காலைத் தூக்கவே கூச்சம். அவர் செய்ததெல்லாம் பாதத்தைக் காற்றில் நீட்டியது மட்டும். ஃபைட்டரின் சட்டைக்குள் ஹார்னஸ் என்கிற வார்க்கச்சை, அதிலிருந்து பின்னால் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் நான்கு பேர். மாஸ்டர் கை காட்டியதும் நால்வரும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட, இவர் பறந்துபோய் மேஜையை உடைத்துக்கொண்டு விழுந்தார். கயிற்றைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்தார்கள். தியேட்டரில் அந்த உதைக்கு விசில் பறந்தது. உதை வாங்கியவர் என் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் விசிலடித்தார்.

கேள்வி: தவறிப்போய்க்கூடப் பட்டதில்லையா?

பதில்: பட்டிருக்கிறது. குத்தும்போது கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு புது நடிகர். கோபக்காரரோடுகூடச் சண்டை போட்டுவிடலாம், கண்ணை மூடுபவரோடு முடியாது. முதலில் இருவரும் கண்ணைப் பார்க்க வேண்டும், லேசாகத் தலையசைக்க வேண்டும், அப்புறம்தான் கை கிளம்ப வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். அவர் மோதிரத்தைக் கழற்றச் சொன்னதையும் கேட்கவில்லை. என் மேல் உதட்டில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. அன்று என்னைவிட அதிகம் அழுதவர் அவர்தான், நான் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிட்டது.

கேள்வி: சண்டைகளை வேகமாக ஓட்டிக் காட்டுகிறார்களா?

பதில்: ஆமாம், ஆனால் துளிதான். படம் விநாடிக்கு 24 ஃபிரேமில் ஓடுகிறது. எடுக்கும்போது 22 அல்லது 21இல் எடுத்தால் கை கால் கொஞ்சம் துடிப்பாகத் தெரியும். ஆசைப்பட்டு இன்னும் இறக்கினால் பழைய மௌனப்படக் காமெடி ஆகிவிடும். எங்கள் படத்தில் ஒரு சண்டை அப்படித்தான் ஆனது. வேகம் கூட்டியதைக் கண்டுபிடிக்கக் கையைப் பார்க்காதீர்கள், தலைமுடியைப் பாருங்கள். முடி அவ்வளவு அவசரமாக விழாது.

கேள்வி: கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருகிறீர்களே, அது சர்க்கரைக் கண்ணாடி என்கிறார்களே?

பதில்: ஒரு காலத்தில் சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றித்தான் செய்தார்கள். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுக்கும், விளக்குச் சூட்டில் வளைந்துவிடும். பாட்டில், டம்ளர், சின்ன ஜன்னல் எல்லாம் இப்போது ரெசினில் வார்க்கிறார்கள். தலையில் உடைத்தால் முட்டை ஓடு உடைகிற மாதிரி இருக்கும்.

ஆள் உயரக் கண்ணாடி வேறு கதை. அங்கே பெரும்பாலும் நிஜமான டஃபன்ட் கண்ணாடிதான், அதாவது கடினமாக்கிய கண்ணாடி. அதன் மூலையில் ஒரு சின்ன வெடியைப் பொருத்தியிருப்பார்கள். நான் ஓடிவந்து மோதுவதற்குக் கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன் ஒருவர் பொத்தானை அமுக்குவார். அது பொடிப்பொடியாகக் கொட்ட, அந்த மழைக்குள் நான் பாய்வேன். அப்படியும் சின்னச் சின்ன வெட்டுக் காயம் இல்லாமல் வெளியே வந்ததில்லை.

பொத்தான் தாமதமானால்? ஆகியிருக்கிறது. டஃபன்ட் கண்ணாடி மனித உடம்புக்கு அவ்வளவு சுலபமாக மசியாது. சுவரில் எறிந்த பந்து மாதிரி திரும்பி வந்து, கிளம்பிய இடத்திலேயே உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த பிறகு கண்ணாடி உடைந்தது. யூனிட் முழுக்கச் சிரித்தது, நானும்தான். பொத்தான்காரர் மட்டும் அன்று முழுவதும் என் கண்ணில் படவே இல்லை.

இந்த விஷயத்தில் நான் கும்பிடும் ஆள் ஜாக்கி சான். 1985இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'க்கு வழக்கத்தைவிடத் தடிமனான போலிக் கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். உடைந்த கண்ணாடியின் கணக்கைப் பார்த்து யூனிட் ஆட்களே அதைக் 'கிளாஸ் ஸ்டோரி' என்று கிண்டல் செய்தார்களாம். கடைசியில் அவர் விளக்குகள் சுற்றிய கம்பத்தில் சறுக்கி இறங்குவாரே, அதில் உள்ளங்கை வெந்துபோனது.

கேள்வி: ஆண் டூப்புக்கும் பெண் டூப்புக்கும் வேலையில் என்ன வித்தியாசம்?

பதில்: துணி. இதைக் கேட்ட வாசகிக்கு என் தனி நன்றி.

ஹீரோவின் டூப் கோட்டு போட்டிருப்பார். கோட்டுக்குள் முழங்கை, முதுகு, இடுப்பு, முட்டி என்று எல்லா இடத்திலும் பேடு. அவர் படிக்கட்டில் உருண்டால் மெத்தை உருளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே படிக்கட்டில் நான் உருள வேண்டும், எனக்குக் கொடுத்தது கையில்லாத பட்டுக் கவுன். "இதற்குள் பேடை எங்கே வைப்பது?" என்று உடை வடிவமைப்பாளரிடம் கேட்டேன். "வைத்தால் மடிப்புத் தெரியுமே" என்றார். "எலும்பு உடைந்தால் அதுவும் தெரியும்" என்றேன். கடைசியில் ஒரு அளவு பெரிய கவுன் தைத்து, இடுப்புக்கு மட்டும் மெல்லிய பேடு வைத்துக்கொள்ளலாம் என்று உடன்பாடு. முழங்கை கடவுளுக்கு விட்டது.

படிகள் 26. விளிம்புகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டி, பளிங்கு மாதிரி வண்ணம் அடித்திருந்தார்கள். முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு உடம்பைச் சுருட்டிவிட வேண்டும். கட்டுப்பாடில்லாமல் உருளுகிற மாதிரி தெரியும், உள்ளே நாலு படிக்கு ஒரு தடவை கையோ காலோ பிரேக் போட்டுக்கொண்டே வரும். முதல் டேக் எனக்கே பிடித்திருந்தது. பின்னால் நின்ற துணை நடிகர் ஒருவர் கேமராவைப் பார்த்துவிட்டார். இரண்டாவது டேக்கில் விக் என்னைவிட முன்னால் போய்க் கீழே சேர்ந்தது. மூன்றாவது ஓகே. படத்தில் அது நான்கு விநாடி வருகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நடிகைகளுக்கு ஆண் ஃபைட்டர்களே விக் வைத்து டூப் போடுவது உலகம் முழுக்க இருந்த பழக்கம். எனக்கு முதல் வாய்ப்பு வந்ததே, அப்படி நின்ற ஒருவரின் கெண்டைக்கால் ஒரு குளோசப்பில் மாட்டிக்கொண்டதால்தான்.

கேள்வி: உடம்பில் தீப்பிடித்து ஓடும் காட்சியில் என்ன தோன்றும்?

பதில்: குளிர்! தீப்பிடிக்காத துணியில் அடுக்கடுக்காக உள்ளாடை, ஒவ்வொன்றும் ஜில்லென்ற ஜெல்லில் ஊறியது. முகத்திலும் கையிலும் அதே ஜெல். பற்ற வைப்பதற்கு முன் எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. கேமராமேன் அதைப் பயம் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

பற்றிய பிறகு இரண்டே விதி. மூச்சை இழுக்கக் கூடாது, இழுத்தால் அனல் உள்ளே போய்விடும். முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் தீ முகத்துக்கு ஏறும். போதும் என்று தோன்றினால் குப்புறப் படுத்துவிடுவேன், அதுதான் சைகை. படுத்த மறுகணம் தீயணைப்பான்களோடு நிற்பவர்கள் பாய்வார்கள். ஜெல்லின் குளிர்ச்சி போய் எங்காவது சூடு உறைத்தால் யாரையும் கேட்காமல் படுத்துவிட வேண்டும். நான் 12 விநாடி எரிந்தேன். "இன்னும் கொஞ்சம் அலறியிருக்கலாம்" என்றார் இயக்குநர். மூச்சை அடக்கிக்கொண்டு எப்படி அலறுவது? அந்த அலறல் பிறகு ஒலிப்பதிவில் சேர்ந்தது. என் குரலும் இல்லை.

கேள்வி: அலறல் என்றதும் ஞாபகம் வருகிறது. பல படங்களில் ஒரே அலறல் கேட்பது போல இருக்கிறதே, பிரமையா?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. 'வில்ஹெல்ம் அலறல்' என்றே அதற்குப் பெயர். 1951இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காகப் பதிவு செய்தது. 1953இல் வேறொரு படத்தில் வில்ஹெல்ம் என்ற பாத்திரம் அம்பு பட்டு அதே குரலில் அலற, பெயர் ஒட்டிக்கொண்டது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஒலி அமைத்த பென் பர்ட் அதைத் தேடி எடுத்துப் பயன்படுத்த, அப்புறம் ஒலிக்காரர்களுக்கு அது ஒரு குடும்ப விளையாட்டாகிவிட்டது. நூற்றுக்கணக்கான படங்களில் அதே ஆள் சாகிறார்.

கேள்வி: உயரத்திலிருந்து குதிக்கும்போது கீழே என்ன இருக்கும்? பயமாக இருக்காதா?

பதில்: இப்போது காற்றுப் பை. விழுந்ததும் பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்று வெளியேறி உங்களை மெதுவாக வாங்கிக்கொள்ளும். அதற்கு முன்பு காலி அட்டைப்பெட்டிகள். வரிசையாக அடுக்கிச் சுற்றிக் கயிறு கட்டி, மேலே மெத்தை. கேட்டால் ஏழை வைத்தியம் மாதிரி இருக்கும், ஆனால் பெட்டி நசுங்க நசுங்க விழுகிற வேகம் கரைந்துவிடும். உயரம் குறைவென்றால் நான் இன்றும் பெட்டிதான் கேட்பேன். காற்றுப் பையில் விளிம்பில் விழுந்தால் அது தூக்கி எறிந்துவிடும், பெட்டி அப்படிச் செய்யாது.

பயமா? மேலே நின்று பார்த்தால் அவ்வளவு பெரிய பை தலையணை அளவுக்குத் தெரியும். தலையணையில் விழச் சொன்னால் யாருக்குத்தான் பயமிருக்காது.

கேள்வி: கார் அந்தரத்தில் உருளுவதெல்லாம் தைரியமா, கணக்கா?

பதில்: கணக்கு. தைரியம் கணக்கு போட்டு முடித்த பிறகு காரில் ஏறுவதற்கு மட்டும்.

1974இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் ஒரு கார் உடைந்த பாலத்திலிருந்து கிளம்பி, ஆற்றுக்கு மேலே திருகாணி மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அக்கரையில் இறங்கும். கார் ஏறிப் பாயும் சாய்தளத்தின் கோணத்தையும் காரின் வேகத்தையும் அமெரிக்காவில் ஒரு விமானவியல் ஆய்வகத்தில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். எடை ஒரு பக்கம் சாயக் கூடாது என்று ஸ்டியரிங்கையும் ஓட்டுநரையும் காரின் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே டேக். இவ்வளவும் செய்துவிட்டு, கார் சுற்றும்போது பொம்மை விசில் சத்தத்தைப் போட்டார்கள் பாருங்கள், அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2006இல் 'கேசினோ ராயல்' என்ற இன்னொரு பாண்ட் படம் எடுக்கும்போது பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் கார் தரையோடு தரையாக, அவ்வளவு உறுதியாக இருந்ததால், சாய்தளத்தில் ஏற்றியும் உருள மறுத்தது. கடைசியில் காரின் அடியில் நைட்ரஜன் அழுத்தத்தில் இயங்கும் ஒரு பீரங்கியைப் பொருத்தி, அது தரையை உதைத்ததும் ஏழு சுற்று உருண்டது. கின்னஸ் சாதனை. எங்கள் படத்திலும் அதே முறைதான். ஆனால் எங்கள் கார் ஒன்றரைச் சுற்று உருண்டு, யாரோ பார்க்கிங் செய்த மாதிரி நான்கு சக்கரத்தில் அழகாக நின்றது என்று சொன்னால் கணக்கு உதைக்கும், ஒன்றரைச் சுற்றில் கூரைதான் கீழே இருக்க வேண்டும். சரி, இரண்டு சுற்று. தலைகீழாகக் கிடக்க வேண்டிய கார் சமர்த்தாக நிற்பதைப் பார்த்த இயக்குநரின் முகத்தை நான் மறக்கவில்லை, சுற்றைத்தான் மறந்துவிட்டேன்.

கணக்கு என்றால் மௌனப்படக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனைச் சொல்லாமல் விட முடியாது. 1928, 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'. ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர் மேல் சாய்கிறது. திறந்த ஜன்னல் இருக்கும் இடத்தில் அவர் நிற்பதால் தப்பிக்கிறார். சுற்றிலும் சில அங்குலம்தான் இடம், சுவரின் எடை டன் கணக்கில். குதிகால் வைக்க வேண்டிய இடத்தைத் தரையில் குறித்துவைத்து, அங்கே அசையாமல் நின்றார். அவருக்கு அதில் ரியாக்‌ஷனே கிடையாது, அதுதான் என்னை இன்றும் என்னவோ செய்கிறது.

கேள்வி: திட்டமிடாமல் நடந்து, நன்றாக அமைந்த காட்சி உண்டா?

பதில்: எங்கள் படத்தில் கிடையாது. திட்டமிடாமல் நடந்த எல்லாமே கண்றாவியாகத்தான் அமைந்தன. ஆனால் உலகப் புகழ்பெற்ற ஒன்று உண்டு. 1981இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தில் வாளைச் சுழற்றிக்கொண்டு ஒருவன் வர, ஹாரிசன் ஃபோர்டு சலிப்போடு துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டுப் போவார். அங்கே நீளமான சாட்டை-வாள் சண்டை ஒன்று திட்டமிட்டிருந்தது. துனீசியாவில் படப்பிடிப்பு, ஃபோர்டுக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு, வண்டியைவிட்டு அதிக நேரம் வெளியே நிற்க முடியாத நிலை. அதனால் சுருக்கிவிட்டார்கள். எல்லோரும் ஃபோர்டைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்த வாள்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. சண்டைக்கு எவ்வளவு பயிற்சி எடுத்திருப்பார்!

கேள்வி: படப்பிடிப்புத் துப்பாக்கியில் குண்டு இல்லையே, அப்புறம் எப்படி ஆபத்து?

பதில்: குண்டுதான் இல்லை, வெடிமருந்து இருக்கிறது. வெற்றுத் தோட்டாவிலிருந்தும் அனலும் அழுத்தமும் வரும், கிட்டே வைத்துச் சுட்டால் அதுவே போதும். 1993இல் 'தி க்ரோ' படப்பிடிப்பில் அதன் கதாநாயகன் பிராண்டன் லீ இறந்தது இன்னும் கொடுமை. முன்பு வேறொரு ஷாட்டுக்குப் பயன்படுத்திய, பார்வைக்கு நிஜம் மாதிரி இருந்தாலும் வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாவின் முனை குழலுக்குள் சிக்கியிருந்திருக்கிறது. பிறகு போட்ட வெற்றுத் தோட்டா அதை வெளியே தள்ளிவிட்டது. இப்போது பல படங்களில் ரப்பர் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, தீப்பொறியைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிறார்கள். "நிஜம் மாதிரி இல்லை" என்று குறை சொல்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

கேள்வி: மூன்று நிமிடச் சண்டைக்கு எத்தனை நாள்?

பதில்: எங்களுக்குப் பதினொரு நாள். அதில் பெரும்பகுதி காத்திருப்பு. 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்துக்கு நமீபியப் பாலைவனத்தில் எடுத்துக் குவித்தது சுமார் 480 மணி நேரம், திரையில் வந்தது இரண்டு மணி நேரம். அதை வெட்டிச் சேர்த்த மார்கரெட் சிக்ஸல் அதற்கு முன் ஆக்‌ஷன் படமே எடிட் செய்ததில்லை. ஆஸ்கர் வாங்கினார்.

கேள்வி: டூப் கலைஞர்களுக்கு ஏன் விருது இல்லை?

பதில்: வந்துகொண்டிருக்கிறது. நம் தேசிய விருதில் சண்டைப் பயிற்சிக்கு 2017இல்தான் முதன்முதலாகக் கொடுத்தார்கள், பீட்டர் ஹெயினுக்கு. ஆஸ்கரில் 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஒரு பிரிவு, முதல் விருது 2028 விழாவில். அடித்தவர்களுக்கு விருது கொடுத்துப் பழகியவர்கள், விழுந்தவர்கள் பக்கம் திரும்ப நூறாவது விழா வரை ஆகியிருக்கிறது.

கேள்வி: இத்தனை படங்களில் உங்களுக்குப் பட்ட பெரிய காயம் எது?

பதில்: சொன்னால் சிரிப்பீர்கள். இதே படம், கடைசி நாள், பேக்கப் சொல்லியாயிற்று. தீயில் எரிந்து, படியில் உருண்டு, கண்ணாடியில் மோதி எல்லாம் முடிந்த பிறகு, செருப்பைத் தேடிக்கொண்டு இருட்டில் நடந்தேன். தரையில் கிடந்த விளக்குக் கேபிளில் கால் மாட்டிவிட்டது. கணுக்கால் எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

டாம் குரூஸ் 2017இல் லண்டனில் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவும்போது கணுக்கால் உடைந்தது, அந்த ஷாட் அப்படியே படத்தில் இருக்கிறது. என் கணுக்கால் உடைந்ததை, கேபிள் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு லைட்பாய் பையன்கள் மட்டும்தான் பார்த்தார்கள். நான் ஏதோ செய்து காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள் போல. ஒருவன் கைதட்டினான். இன்னொருவன், "அக்கா, இன்னொரு தடவை" என்றான்.